திரை மாற்றிய செல்போன்

பொழுது இன்னும் விடியவில்லை. பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் விளக்குகள் எரிகின்றன. மல்லிகை, சாமந்தி, கனகாம்பரம், ரோஜா என்று மூட்டை மூட்டையாகப் பூ வந்து இறங்குகிறது. எடை போடுகிறார்கள். விலை பேசுகிறார்கள். கன்னடம், தமிழ், தெலுங்கு எல்லாம் கலந்து காதில் விழுகிறது.

இங்கே பூ வாங்கிப் போய் அல்சூரில் கட்டி விற்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். அவருக்கு வயது நாற்பதுக்கு மேல். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போனதில்லை. பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் எழுத்துக் கூட்டப் படித்தார். இப்போது ரசீது படிப்பார். போனில் யார் கூப்பிடுகிறார்கள் என்று பேரைப் பார்த்துச் சொல்வார்.

முன்பு அவர் இடுப்பில் சுருக்குப்பை இருந்தது. இப்போது பூக்கூடைக்குப் பக்கத்தில் ஓர் அட்டை நிற்கிறது. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட அட்டை. பூ வாங்குகிறவர் தன் போனை அந்த அட்டைக்கு நேரே காட்டுகிறார். 30 ரூபாய் இவருடைய வங்கிக் கணக்குக்குப் போய்ச் சேர்கிறது. இதற்கு யு.பி.ஐ. என்று பெயர். இந்த முறை 2016-ல் வந்தது. பெட்டிக்கடை, இளநீர் வண்டி, ஆட்டோ என்று எங்கும் பரவிவிட்டது.

ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது போன் கை நழுவியது. முகம் குப்புற விழுந்தது. எடுத்துப் பார்த்தால் கண்ணாடி முழுவதும் சிலந்தி வலை போல விரிசல். ஆனால் உள்ளே படம் தெரிந்தது. மணியும் அடித்தது.

வீட்டுப் பக்கத்தில் ஒரு கடை. அங்கே கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் புதுத் திரை போட்டுக் கொடுத்தார்கள். பளபளவென்று இருந்தது. பல நாள் பூ விற்ற லாபம் அதில் போனது. போகட்டும், போன் பிழைத்ததே என்று நினைத்தார்.

மறுநாள் காலையில்தான் தொல்லை தொடங்கியது.

மகள் கூப்பிட்டாள். இவர் போனை எடுத்தார். உடனே திரை இருண்டுவிட்டது. பேசி முடித்தார். காதிலிருந்து எடுத்தார். திரை இருட்டாகவே இருந்தது. அழைப்பைத் துண்டிக்க முடியவில்லை. மகள் துண்டித்த பிறகுதான் வெளிச்சம் வந்தது.

அடுத்து இன்னொரு வேடிக்கை. யாரும் தொடவில்லை. போன் தானாகவே ஏதேதோ தட்டியது. எழுத்துகள் தானாக விழுந்தன. யாருக்கோ அழைப்பு போனது. பூட்டைத் திறக்கப் போனால் அதற்கு முன்பே தப்பு எண்களைத் தட்டிவிட்டது. சற்று நேரம் பொறுத்து வா என்று போன் சொன்னது.

வாசலில் பூ வாங்க வந்தவர், "பணம் அனுப்பிட்டேன்" என்றார். தன் போனைக் காட்டினார். வந்ததா இல்லையா என்று இவரால் பார்க்க முடியவில்லை. போன் அணைந்து கிடந்தாலும் பணம் கணக்குக்கு வந்துவிடும். அது உண்மைதான். ஆனால் வந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? பழைய படத்தைக் காட்டி ஏமாற்றுகிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள்.

திரும்பவும் கடைக்குப் போனார். கடைக்காரர் போனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "போர்டு போயிடுச்சு. இனி சரி பண்ண முடியாது. புதுசு வாங்கிக்கோங்க. மாசத் தவணையில கிடைக்கும்" என்றார்.

போர்டு என்பது செல்போனின் மூளை. மூளையே போய்விட்டதா? அந்தப் பெண்ணுக்கு வயிற்றைக் கலக்கியது. ஏற்கெனவே சீட்டுப் பணம் கட்ட வேண்டும். இதில் போனுக்கும் தவணையா?

எஸ்.பி. ரோடு

கே.ஆர். மார்க்கெட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு தெரு இருக்கிறது. சதர் பத்ரப்பா ரோடு என்பது அதன் பெயர். எல்லோரும் எஸ்.பி. ரோடு என்றுதான் சொல்வார்கள். கம்ப்யூட்டர், ஒயர், பல்பு, பேட்டரி, திருகாணி என்று மின்சாரத்தில் ஓடும் எதற்கும் அங்கே உதிரிப் பாகம் கிடைக்கும். சந்துக்குள் சந்தாகக் கடைகள்.

அங்கே ஒரு மாடிப்படிக்குக் கீழே சின்னக் கடை. ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி. பழுது பார்க்கிற இளைஞர் தமிழ் பேசினார். மார்க்கெட்டில் பூ வியாபாரி ஒருவர்தான் வழி சொல்லி அனுப்பினார்.

"தம்பி, போர்டு போயிடுச்சாம். உண்மையா பாத்துச் சொல்லு" என்றார் அந்தப் பெண்.

இளைஞர் உடனே போனைத் திறக்கவில்லை. முதலில் கேள்வி கேட்டார்.

"அக்கா, கீழ விழுந்த அன்னைக்குப் படம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"தொட்டா வேலை செஞ்சுதா?"

"விரிசல் மேலேயே தொட்டுப் பேசினேன்."

"அப்ப இந்தத் தொந்தரவு எல்லாம் திரை மாத்தின பிறகுதான்?"

"ஆமா தம்பி."

"அப்ப போர்டு மேல கடைசியாத்தான் சந்தேகப்படணும். மாத்தும்போது கெட்டுப்போக வழி இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது நிறைய இருக்கு."

காய்ச்சல் வந்தவரிடம் எப்போது வந்தது, என்ன சாப்பிட்டீர்கள் என்று வைத்தியர் கேட்பதில்லையா? அதே போலத்தான் இதுவும். எந்தத் தொல்லை எப்போது தொடங்கியது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரே திரை, பல அடுக்கு

வெளியிலிருந்து பார்த்தால் செல்போன் திரை ஒரே கண்ணாடி போலத் தெரிகிறது. அது ஒன்றல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பசை போட்டு ஒட்டியது.

எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது கண்ணாடி. அது காவல்காரன். விழுந்தால் முதலில் அடி வாங்குவது அதுதான்.

அதற்குக் கீழே தொடு அடுக்கு. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு அதில் வலை போல ஓடுகிறது. அதில் மிகச் சிறிய அளவு மின்சாரம் இருக்கிறது. நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும். விரல் பக்கத்தில் வந்ததும் அந்த இடத்தில் மின்சாரம் கொஞ்சம் மாறும். எந்த இடத்தில் மாறியது என்று போன் கணக்குப் போடும். அந்த இடத்தில் நீங்கள் தட்டியதாக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் நகத்தால் தட்டினால் போன் கேட்பதில்லை. பிளாஸ்டிக் உறை போட்ட கையையும் கண்டுகொள்வதில்லை. ஆனால் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். திரைமேல் ஒரு சொட்டு நின்றால், அதையும் விரல் என்று நினைத்துத் தடுமாறும்.

அதற்கும் கீழே படம் காட்டும் அடுக்கு. இதில் இரண்டு வகை உண்டு. விலை குறைந்த பல போன்களில் இருப்பது எல்.சி.டி. தோல்பாவைக் கூத்து பார்த்திருக்கிறீர்களா? பின்னால் ஒரு விளக்கு எரியும். நடுவில் பொம்மை ஆடும். முன்னால் இருக்கிற நமக்குப் படம் தெரியும். எல்.சி.டி. அப்படித்தான். பின்னால் விளக்கு உண்டு. அதன் வெளிச்சத்தை எங்கே விட வேண்டும், எங்கே மறைக்க வேண்டும் என்று முன்னால் இருக்கும் அடுக்கு முடிவு செய்கிறது.

இன்னொரு வகை ஓ.எல்.இ.டி. அமோலெட் என்று கடைகளில் சொல்வதும் இந்த வகைதான். இதில் பின்விளக்கு கிடையாது. திருவிழாவில் தொங்கவிடும் சீரியல் பல்பு மாதிரி ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். கறுப்பு வேண்டும் என்றால் அந்தப் புள்ளி அணைந்துவிடும். அதனால் இதில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும்.

எல்.சி.டி. வெளிச்சத்தை எதனால் மறைக்கிறது? அதற்குள் திரவப் படிகம் என்ற பொருள் இருக்கிறது. தண்ணீர் போல ஓடும். ஆனால் அதன் நுண்துகள்கள், சரம் கட்டிய பூ மாதிரி வரிசையாக நிற்கும். மின்சாரம் கொடுத்தால் வரிசையாகத் திரும்பும். அதை வைத்து வெளிச்சத்தை விடலாம், தடுக்கலாம். 1888-ல் ஆஸ்திரியா நாட்டைச் சேர்ந்த ரைனிட்சர் என்ற தாவர அறிஞர் இதைக் கண்டார். அவர் ஆராய்ந்த பொருள் இரண்டு முறை உருகியது. சுமார் 145 டிகிரி சூட்டில் கலங்கலான திரவம் ஆனது. சுமார் 178 டிகிரியில்தான் தெளிந்தது. நெய் இப்படி இரண்டு தடவை உருகினால் நமக்கும் ஆச்சரியமாகத்தானே இருக்கும்! அதே 1888-ல்தான் திருச்சியில் சி.வி. ராமன் பிறந்தார். பின்னாளில் அவர் பெங்களூருவில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். அவருடைய சகோதரியின் மகன் எஸ். சந்திரசேகர் அங்கே திரவப் படிகத்தை ஆராய்ந்தார். 1977-ல் அவரும் உடன் இருந்தவர்களும் புதிய வகை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இதன் நுண்துகள்கள் குச்சி போல இல்லை. காசு போலத் தட்டையாக இருந்தன. அந்த வகைப் பொருளில் செய்த மெல்லிய தாளை எல்.சி.டி. திரைகளில் வைத்தார்கள். பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் படம் நன்றாகத் தெரிய அது உதவியது. எஸ்.பி. ரோட்டில் திரை மாற்றுகிற எத்தனை பேருக்கு இது தெரியும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வேலை நடந்தது இதே ஊரில்தான்.

இருட்டும் பேய்த் தட்டலும்

இளைஞர் போனின் மேல் பக்கத்தைக் காட்டினார். காதில் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி.

"இங்க ஒரு கண் இருக்கு அக்கா. சென்சார்னு சொல்லுவோம். நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை வெளியே விடும். போனைக் காதுல வெச்சா அந்த வெளிச்சம் கன்னத்துல பட்டுத் திரும்பி வரும். கன்னம் பக்கத்துல இருக்குன்னு புரிஞ்சுக்கிட்டுத் திரையை அணைச்சிடும். கன்னம் பட்டு எதுவும் தட்டிடக் கூடாதுல்ல, அதுக்காக."

"அப்ப காதுலருந்து எடுத்தா வரணுமே?"

"வரணும். வரலைன்னா அந்தக் கண்ணை ஏதோ மறைக்குது."

அவர் திரையைக் கவனித்துப் பார்த்தார். புதுத் திரைமேல் கடைக்காரர் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டியிருந்தார். அது வேறு மாதிரிப் போனுக்கு வெட்டியது. அதன் கறுப்பு ஓரம் அந்தப் புள்ளியின்மேல் ஏறி நின்றது. அதை உரித்து எடுத்தார். தன் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். இப்போது பாதி சரியானது. சில முறை திரை வந்தது. சில முறை வரவில்லை.

"உள்ளேயும் ஏதோ இருக்கு. திறக்கணும். சிம்மைக் கழட்டி நீங்களே வெச்சுக்கோங்க. பூட்டு எண் எனக்கு வேணாம்" என்றார்.

அது அந்தப் பெண்ணுக்கு வியப்பாக இருந்தது. முதல் கடையில் பூட்டு எண்ணைக் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்தார்கள். இவரும் சொல்லிவிட்டார். திரையைச் சோதிக்க அது தேவையே இல்லை. பெரும்பாலான போன்களில் பூட்டைத் திறக்காமலே கேமரா திறக்கும். அவசர அழைப்புக்கான எண் பலகையும் திறக்கும். எண்களைத் தட்டிப் பார்த்துத் தொடுதல் சரியா என்று தெரிந்துகொள்ளலாம். அழைப்பு பொத்தானை மட்டும் அழுத்தக் கூடாது. வேறு சோதனை வேண்டுமானால் சொந்தக்காரரே எதிரில் நின்று பூட்டைத் திறந்து கொடுக்கலாம். பணம் அனுப்பும் பின் எண்ணை எந்தக் கடையிலும், யாரிடமும் சொல்ல வேண்டிய தேவை ஒருபோதும் வராது.

இளைஞர் போனை அணைத்தார். ஓரத்தில் லேசாகச் சூடு காட்டினார். பசை இளகியது. மெல்லிய தகடு விட்டுத் திரையைத் தூக்கினார். முதல் வேலையாகப் பேட்டரியின் இணைப்பைக் கழற்றினார். பேட்டரி இணைந்திருக்கும்போது திரையின் பட்டையைக் கழற்றி மாட்டினால் மின்சாரம் தப்பான இடத்துக்குப் பாயும். போர்டில் இருக்கும் நுண்ணிய பாகங்கள் எரிந்துபோகும். இந்த அவசரத்தால் நல்ல போர்டு வீணாவது உண்டு.

உள்ளே பார்த்தால், சென்சாரைச் சுற்றி இருக்க வேண்டிய சின்ன ரப்பர் வளையம் இல்லை. பழைய திரையோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போயிருக்க வேண்டும். அந்த ரப்பர் ஒரு மதில் மாதிரி. வெளியே போகும் வெளிச்சம் உள்ளுக்குள்ளேயே திரும்பிக் கண்ணில் படாமல் அது தடுக்கும். மதில் இல்லாததால் போன் ஏமாந்தது. கன்னம் எப்போதும் பக்கத்திலேயே இருப்பதாக நினைத்தது. மேசை இழுப்பறையில் பழைய போன்களின் ரப்பர்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. பொருத்தமான ஒன்றை எடுத்து வைத்தார்.

"இருட்டு முடிஞ்சுது. இனி பேய்த் தட்டல்" என்றார். தானாகத் தட்டுவதற்கு அந்தத் தெருவில் வைத்த பெயர் அது.

போனின் சட்டத்தை விளக்கடியில் பிடித்தார். ஒரு மூலை லேசாக உள்ளே வளைந்திருந்தது. பஸ் படியில் விழுந்தபோது முதலில் இடித்த மூலை அது. முதல் கடைக்காரர் அதை நிமிர்த்தவில்லை. வளைந்த சட்டத்தின்மேலேயே புதுத் திரையை வைத்து அழுத்தி ஒட்டிவிட்டார். அந்த மூலையில் சட்டம் திரையை எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருந்தது. அந்த அழுத்தத்தைப் போன் விரல் என்று எடுத்துக்கொண்டது.

முதல் கடைக்காரர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று சொல்லிவிட முடியாது. கூட்டமான கடை. ஒரு மணி நேரத்தில் வேலை. சட்டத்தைப் பார்க்க அவருக்குப் பொறுமை இருந்திருக்காது. ஆனால் பார்க்காமலே போர்டு போயிற்று என்று சொன்னது தவறுதான். அந்த ஒரு வார்த்தை, படிக்கட்டில் கால் வைப்பதற்குள் ஒரு குடும்பத்தைப் புதுக் கடனில் தள்ளியிருக்கும்.

இளைஞர் சட்டத்தை இடுக்கியால் சிறிது சிறிதாக நிமிர்த்தினார். பழைய பசையைச் சுரண்டினார். கண்ணாடித் துகள் ஒன்று கூட இல்லாமல் துடைத்தார். ஒட்டுவதற்கு முன்பே திரையை மாட்டி, பேட்டரியை இணைத்து, போனை எழுப்பிச் சோதித்தார். ஒரு சின்னப் படத்தை விரலால் பிடித்து மேலும் கீழும் மெதுவாக இழுக்கச் சொன்னார். படம் எங்கேயும் கைவிட்டு நழுவாமல் விரலோடு வந்தது. நழுவினால் அந்த இடத்தில் தொடு அடுக்கு செத்துவிட்டது என்று பொருள். பிறகு சார்ஜர் மாட்டியும் பார்த்தார். மட்டமான சார்ஜரில் மின்சாரம் சீராக வராது. அதனாலும் தானாகத் தட்டும். சார்ஜரைக் கழற்றியதும் தொல்லை நின்றால் குற்றவாளி சார்ஜர்தான்.

எல்லாம் சரி என்று தெரிந்த பிறகே பசை போட்டார். நான்கு பக்கமும் கிளிப் மாட்டினார்.

"பசை காயணும். சில மணி நேரம் ஆகும். உக்காருங்க அக்கா."

மேசைமேல் மூன்று போன்கள்

பூக்கூடையை ஓரமாக வைத்துவிட்டு அவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். மேசையில் இன்னும் மூன்று போன்கள் கிடந்தன. சும்மா இருக்க முடியவில்லை. "இதுக்கெல்லாம் என்ன நோய்?" என்று கேட்டார்.

முதல் போன் ஒரேயடியாக இருட்டு. இளைஞர் அதற்குக் கூப்பிட்டார். மணி அடித்தது. அதிர்ந்தது. அப்படியானால் போனுக்கு உயிர் இருக்கிறது. படம்தான் வரவில்லை. டார்ச் விளக்கை எடுத்தார். கையால் நிழல் கட்டிக்கொண்டு திரைமேல் சாய்வாக வெளிச்சம் அடித்தார். உற்றுப் பார்த்தால் உள்ளே மங்கலாகப் படம் தெரிந்தது. கூத்தில் விளக்கு மட்டும் அணைந்துவிட்டது. பொம்மை ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. பின்விளக்குக்கு மின்சாரம் போகும் வழியைப் பார்க்க வேண்டும். டார்ச் அடித்தும் ஒன்றுமே தெரியவில்லை என்றால் திரையின் பட்டை சாக்கெட்டில் சரியாக உட்காரவில்லையா என்று பார்க்க வேண்டும். இந்த டார்ச் சோதனை எல்.சி.டி. திரைக்குத்தான் பொருந்தும். அமோலெட் திரைக்குப் பின்விளக்கே இல்லை.

சில சமயம் நோயே இருக்காது. போன் உறைந்து போயிருக்கும். பவர் பொத்தானையும் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் சேர்த்துச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பல போன்கள் விழித்துக்கொள்ளும். கடைக்கு நடப்பதற்கு முன் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். காசு செலவில்லை.

இரண்டாவது போனில் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள். புதுத் திரை போட்டு இரண்டு நாள்தான் ஆகிறதாம். திரைக்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பட்டை போகிறது. நாடா போல வளையும். ஆனால் மடித்துக் கசக்கினால் உள்ளே இருக்கும் நூல் போன்ற கம்பிகள் அறுந்துவிடும். இந்தப் போனைத் திறந்து, பட்டையைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் மாட்டிப் பார்த்தாராம். கோடு போகவில்லை. வேறொரு திரையை மாட்டிப் பார்த்தாராம். கோடு இல்லை. ஆகவே போர்டு நல்லது, போட்ட திரைதான் கெட்டது. இப்படி வேறு திரை மாட்டிப் பார்க்காமல் யாராவது போர்டு மீது பழி போட்டால் நம்ப வேண்டாம்.

மூன்றாவது போனை அவர் கையில் எடுக்கவே இல்லை. ஒரு தகர டப்பாவில் தனியாக வைத்திருந்தார். திரை ஒரு பக்கம் வாய் பிளந்தது போல் தூக்கிக்கொண்டிருந்தது. பசை சரியில்லை என்று சொந்தக்காரர் மூன்று தடவை அழுத்தி அழுத்தி ஒட்டினாராம்.

"பசை இல்லக்கா. பேட்டரி உப்பியிருக்கு. உள்ளருந்து திரையைத் தள்ளுது. இதை அழுத்தவே கூடாது. கிழிஞ்சா தீப்பிடிக்கும்."

திரை மாற்றிய போனில் ஓரம் விலகிக்கொண்டே போனால் போனை அணைத்துவிட வேண்டும். சார்ஜ் போடக் கூடாது. தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்து பேட்டரியை எடுக்கச் சொல்ல வேண்டும்.

அசலா, காப்பியா?

"தம்பி, எனக்குப் போட்ட திரை நல்லதா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"காப்பிதான் அக்கா. உங்க போன்ல முதல்ல இருந்ததும் எல்.சி.டி.தான். அதனால பெரிய வித்தியாசம் தெரியாது. கொஞ்சம் வெளிச்சம் கம்மியா இருக்கும். கொடுத்த காசுக்குப் பரவாயில்ல."

சிக்கல் வருவது அமோலெட் போன்களில்தான். அந்தத் திரை விலை அதிகம். விலை குறைக்க எல்.சி.டி. வகைக் காப்பியை மாட்டிவிடுகிறார்கள். கறுப்பு சாம்பல் நிறமாகத் தெரியும். பேட்டரி சீக்கிரம் இறங்கலாம். திரைக்கு அடியில் கைரேகை பார்க்கும் போனாக இருந்தால் கைரேகை வேலை செய்யாமல் போகும். அந்தக் கண் திரை வழியாகத்தான் விரலைப் பார்க்க வேண்டும். எல்.சி.டி.யின் பின்விளக்கு அதை மறைத்துவிடும். இது பழுதல்ல. எத்தனை தடவை கழற்றி மாட்டினாலும் சரியாகாது. காப்பி போடுவதே தப்பு என்று சொல்ல முடியாது. எல்லோராலும் அசல் விலை கொடுக்க முடியுமா? போடுவது எது என்று முன்பே சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான்.

அதைச் சொன்னதற்குச் சாட்சி ரசீது. என்ன திரை, எவ்வளவு பணம், எத்தனை நாள் பொறுப்பு என்று அதில் இருக்க வேண்டும். முதல் கடையில் ரசீதே கொடுக்கவில்லை. பழைய திரையையும் திருப்பித் தரவில்லை. கண்ணாடி மட்டும் உடைந்து, உள்ளே படம் நன்றாக இருக்கும் திரைக்கு விலை உண்டு. மேல் கண்ணாடியை மட்டும் பிரித்து எடுத்து, புதுக் கண்ணாடி ஒட்டி மறுபடியும் விற்கிறார்கள். ஆகவே பழைய திரையைக் கேட்டு வாங்கலாம். அல்லது கூலியில் குறைத்துக்கொள்ளச் சொல்லலாம். ஒன்றுக்கும் ஆகாத திரையையும் பேட்டரியையும் தெருக் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்க வேண்டும். பெங்களூருவுக்கு அருகில் தாபஸ்பேட்டையில் மின்கழிவைப் பிரித்தெடுக்கும் ஆலை 2005 முதல் இருக்கிறது.

காசு வாங்கிக்கொண்டு பார்க்கும் பழுது வேலை, சட்டத்தின் கண்ணில் ஒரு சேவை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் பொருந்தும். கடைக்காரர் பொறுப்பைத் தட்டிக் கழித்தால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஆனால் அங்கே முதலில் கேட்பது ரசீதைத்தான்.

மாலை

கிளிப்புகளைக் கழற்றியபோது மணி நான்கு ஆகிவிட்டது. இளைஞர் கூலி சொன்னார். பெரிய தொகை இல்லை. அவர் கொடுத்தார்.

"ரசீது எழுதிக் கொடு தம்பி. தமிழ்ல எழுது. நான் படிச்சுப் பாக்கணும்."

இளைஞர் சிரித்துக்கொண்டே எழுதினார். 'சட்டம் நிமிர்த்தியது. சென்சார் ரப்பர் வைத்தது. 30 நாள் பொறுப்பு.' தேதியும் போட்டார். அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். மடித்து இடுப்பில் செருகினார்.

"இன்னொண்ணு அக்கா. ஒரு தடவை திறந்த போன்ல பழைய மாதிரி தண்ணி தாங்காது. ஓரத்துல பசை மட்டும்தான் இருக்கு. நீங்க பூவுக்குத் தண்ணி தெளிக்கறவங்க. போனைக் கூடை மேல வைக்காதீங்க. ஈரக் கையால தொடாதீங்க. அது போனுக்குக் குழப்பம்."

அவர் சிம்மைப் போட்டுப் போனை எழுப்பினார். அங்கேயே இளைஞர் எதிரில் பூட்டு எண்ணை மாற்றினார். முதல் கடையின் துண்டுச் சீட்டில் இருக்கிற எண் இனி யாருக்கும் உதவாது.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது மகள் கூப்பிட்டாள். காதில் வைத்துப் பேசினார். காதிலிருந்து எடுத்தார். திரையில் வெளிச்சம் வந்தது. சிவப்புப் பொத்தான் தெரிந்தது. அதற்கு முன் அவர் செய்த ஒரே காரியம், விரலை முந்தானையில் ஒரு தடவை துடைத்துக்கொண்டதுதான்.